வளர்ப்புப் பாம்புக்கு எலி கொடுப்பது: சட்டமும் எச்சரிக்கையும்

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை அறியாத முஸ்லிம் இல்லம் அரிது. அவள் அதற்குத் தீனி போடவுமில்லை. தரையில் திரியும் சிறு பிராணிகளைப் பிடித்துத் தின்று பிழைத்துக்கொள்ளட்டும் என்று அவிழ்த்து விடவுமில்லை. அதன் காரணமாக வேதனைக்குள்ளானாள் என்பது அதன் கருத்து. புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. இந்த ஹதீஸைப் பூனையோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. ஆனால் அதில் இரண்டு சட்டங்கள் அடங்கியிருக்கின்றன. ஓர் உயிரை அடைத்து வைத்தவர் எவரோ, அதன் உணவுக்கு அவரே பொறுப்பு என்பது ஒன்று. பூனை போன்ற பிராணிகளின் உணவே வேறு சிறு உயிர்கள்தாம் என்பதை ஷரீஅத் அறிந்தே பேசுகிறது என்பது மற்றொன்று. இம்மாதப் பாடத்துக்கு இவ்விரண்டும் வேண்டும்.

பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் குடியேறியுள்ள நம் குடும்பங்கள் சிலவற்றில், பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியில் பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறார்கள். பள்ளித் தோழன் வீட்டில் பார்த்திருப்பான். தனக்கும் வேண்டும் என்பான். அங்கே அதிகமாக வளர்க்கப்படுபவை இரண்டு. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த ‘கார்ன் ஸ்நேக்’ என்னும் சோளப் பாம்பு ஒன்று. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ‘பால் பைத்தான்’ என்னும் சிறு மலைப்பாம்பு மற்றொன்று. (பால் என்றதும் பாம்புக்குப் பால் ஊற்றுவதை நினைத்துவிட வேண்டாம். பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்வதால் வந்த பெயர் அது. பாம்பு பால் குடித்து வாழ்வதில்லை.) இரண்டுக்கும் விஷம் கிடையாது. இரண்டும் புல்லையோ கீரையையோ தொடாது; கோழிக்கறித் துண்டுகளைப் போட்டு வளர்க்கவும் முடியாது. எலும்பு, குடல், தோல் எல்லாம் சேர்ந்த முழுப் பிராணியை விழுங்கினால்தான் அவற்றுக்குச் சுண்ணாம்புச் சத்து முதலியன கிடைக்கும். ஆகவே பாம்பு வந்தால் எலியும் வீட்டுக்கு வரும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் வளர்க்கலாமா?

இக்கேள்வியைத் தாண்டிச் செல்ல இயலாது. ஹரமின் எல்லைக்குள்ளும் கொல்ல அனுமதிக்கப்பட்ட தீங்கிழைக்கும் ஐந்து பிராணிகளுள் எலியும் ஒன்று. முஸ்லிமில் வரும் ஓர் அறிவிப்பில் பாம்பும் அவ்வைந்தில் சேர்ந்திருக்கிறது. தொழுகையில் நிற்கும்போதே பாம்பையும் தேளையும் கொல்லலாம் என்ற ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. கொல்லும்படி ஏவப்பட்ட ஒன்றை வீட்டில் வைத்துப் போற்றுவது முரண் என்று கூறி, பாம்பு வளர்ப்பதே கூடாது என்று தீர்ப்பளிக்கும் ஆலிம்கள் உண்டு. ஏவலின் காரணம் தீங்குதான். விஷமற்ற, கூண்டில் அடைபட்ட பாம்பில் அந்தக் காரணம் இல்லையே என்று சிலர் வாதிக்கலாம். என் கருத்தைக் கேட்டால், வாங்காதீர்கள் என்றே சொல்வேன். ஹலாலான விளையாட்டுத் தோழர்களுக்கா பஞ்சம்? அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த சிட்டுக்குருவியைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்ததை நாம் படித்திருக்கிறோம்.

நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் நம் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது சாரையாயினும் மலைப்பாம்பாயினும் ஒன்றே. வெளிநாட்டு இனங்களில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2022ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. பதிவுக்கான விதிகள் 2024இல் வந்தன. பால் பைத்தான் அக்கட்டுப்பாட்டுக்குள் வருகிற இனம். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்த பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டுள்ளன. அப்படிக் கடத்தி வந்ததை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவது இரட்டைத் தவறு. சிங்கப்பூரில் பாம்பை வளர்ப்புப் பிராணியாக வைத்திருக்கவே அனுமதி இல்லை.

எனினும் பாம்பு ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தாயார் முகம் சுளிக்கிறார். தந்தை, கொண்டுபோய்ப் புதரில் விட்டுவா என்கிறார். அது தீர்வாகாது. பிரிட்டனில் அந்நிய நாட்டுப் பிராணியைத் திறந்தவெளியில் விடுவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அத்துடன், வெப்ப நாட்டுப் பாம்பு அந்தக் குளிரில் நெடுநாள் உயிர் தரிக்காது. கைவிட்டுக் கொல்வதும் பூனைக்காரி செய்ததும் ஏறக்குறைய ஒன்றே. தகுந்தவரிடம் ஒப்படைக்கும் வரை அதற்கு உணவளிக்கும் கடமை உங்கள் மீதுதான் இருக்கிறது. தன்னிடமுள்ள பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது கட்டாயம் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில், மனைவி மக்களுக்குரிய ஜீவனாம்சத்தைச் சொல்லும் அதே பாடத்தில் எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. பால் பைத்தான் கூண்டில் 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. வாங்கிய பையன் கல்லூரிக்குப் போய்விடுவான். பாம்பு உம்மாவிடம் இருக்கும். இதையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள்.

உயிருள்ள எலியா, செத்த எலியா?

பாடத்தின் மையம் இதுதான். பாம்பு காட்டில் உயிருள்ள எலியைத்தானே பிடிக்கிறது, அப்படியே பெட்டிக்குள் போட்டால் என்ன குற்றம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். காட்டுக்கும் பெட்டிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. காட்டில் எலிக்கு ஓட வழியுண்டு; பாம்புக்கும் விலக வழியுண்டு. பெட்டியில் இரண்டுக்கும் வழியில்லை. வழியடைத்தது நாம். பிராணிகளைக் கட்டி நிறுத்திக் கொல்வதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பறவையொன்றைக் கட்டிவைத்து அம்பெய்து பழகிய இளைஞர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்குபவர் சபிக்கப்பட்டவர் என்ற நபிமொழியை எடுத்துக் கூறிக் கண்டித்தார்கள். பாம்பின் முன் எலியை விடுவது முற்றிலும் அதுவே என்று நான் கூறவில்லை. பாம்புக்கு உணவு என்ற தேவை இங்கே இருக்கிறது. அம்பெய்தவர்களுக்கு அது இல்லை. ஆனால் வேறு வழி இருக்கும்போது இந்த வழியைத் தேர்ந்தால், அந்தத் தேவை என்ற சமாதானம் மெலிந்துபோகிறது.

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. கூண்டில் பிறந்து வளர்ந்த சோளப் பாம்பும் பால் பைத்தானும் முறையாகப் பழக்கினால், முன்பே கொல்லப்பட்டு உறையவைத்த எலியை ஏற்றுக்கொள்ளும். அந்நாடுகளின் கடைகளில் அளவு வாரியாக அவை கிடைக்கின்றன. அனைத்துக் காரியங்களிலும் நல்ல முறையை அல்லாஹ் விதித்திருக்கிறான். கொல்வதாயினும் நல்ல முறையில் கொல்லுங்கள் என்ற கருத்தில் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. கொல்ல அனுமதிக்கப்பட்ட எலிக்கும் அந்த ஹதீஸ் பொருந்தும். கொல்லலாம் என்ற அனுமதி, வதைக்கலாம் என்ற அனுமதியல்ல.

மலைப்பாம்பு நெரித்தால் எலி நொடிகளில் இறந்துவிடுமே, அதில் என்ன வதை என்றும் ஒரு கேள்வி வரலாம். மூச்சு முட்டித்தான் இரை சாகிறது என்று முன்பு எண்ணினார்கள். போவா இனப் பாம்பையும் எலியையும் வைத்து 2015இல் வெளிவந்த ஆய்வு, நெரித்த சில நொடிகளிலேயே இரத்த ஓட்டம் தடைப்படுவதைக் காட்டியது. ஆகவே பிடிபட்டபின் நேரும் மரணம் விரைவானதே. ஆனால் பாம்புக்குப் பசியில்லாத நாளில், பிடிபடும் முன் அந்த எலி மணிக்கணக்கில் மூலையில் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருக்குமே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எலி மட்டும் நடுங்கவில்லை, பாம்புக்கும் ஆபத்துண்டு. இதைப் பலர் அறியார். அடைபட்ட எலி தன் பற்களால் பாம்பின் கண்ணையும் வாயையும் முதுகையும் கடித்துக் குதறிவிடும். பசியற்றுச் சுருண்டு கிடக்கும் பாம்பின் முதுகைத் தசை வரை கரம்பித் தின்ற எலிகளைப் பற்றிக் கால்நடை மருத்துவர்கள் எச்சரிப்பதுண்டு. வளர்ப்பவர் கதவைச் சாத்திவிட்டு உறங்கப் போன இரவில்தான் பெரும்பாலும் இது நேர்கிறது. பாம்புக்கு நல்லது செய்கிறோம் என்று எண்ணி, இரண்டு உயிர்களையும் ஒரே பெட்டியில் வதைத்தவர்களாகிறோம். பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், மனிதரின் பொறுப்பில் உள்ள பிராணிக்குத் தேவையற்ற துன்பம் விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. உணவுக்கென்று கூண்டில் வைத்திருக்கும் எலியும் அந்தப் பாதுகாப்பினுள் அடங்கும்.

பாம்பு எலியைப் பிடிப்பதைப் படமெடுத்து நண்பர்களுக்குக் காட்டும் வழக்கமும் கைபேசி வந்தபின் பெருகிவிட்டது. பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவதற்குத் தடை கூறும் ஹதீஸ் ஒன்று அபூதாவூத், திர்மிதீயில் இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் பேசப்பட்டாலும், அதன் கருத்தை இமாம்கள் ஏற்றிருக்கிறார்கள். உணவு என்ற தேவை கேளிக்கையாக மாறிவிட்டால், மேலே சொன்ன சமாதானங்கள் எதுவும் மிஞ்சாது. பெற்றோர் இதில் உறுதியாக இருக்க வேண்டும்.

வீட்டிலேயே எலியைக் கொன்று கொடுக்கலாமா? வேண்டாம். உயிருள்ள குஞ்சை அப்படியே ஃபிரீசரில் வைப்பது கொடுமை. வாலைப் பிடித்துச் சுவரில் அடிப்பது, நீரில் அமிழ்த்துவது, சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து வாயு உண்டாக்குவது போன்றவை அரைகுறை வித்தைகள். சரியான அளவில் கரியமில வாயு செலுத்துவதோ, கழுத்தெலும்பை ஒரே கணத்தில் விலக்குவதோ பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. கண் திறவாத எலிக்குஞ்சுகள் வாயுவையும் நெடுநேரம் தாங்கும் என்பதால், இறந்துவிட்டதென்று எண்ணி ஏமாறுவோரும் உண்டு. ஆகவே எலியை எந்த முறையில் கொல்கிறீர்கள் என்று விற்பவரைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்த எலியாக இருக்க வேண்டுமா என்று சிலர் ஐயுறலாம். எலி உண்ணத்தக்க பிராணியன்று. ஷாபிஈ மத்ஹபில் அறுப்பதால் அது சுத்தமாவதில்லை. எனவே எப்படி இறந்தாலும் அது ‘மைத்தா’தான்.

செத்ததை வாங்குவதும் கொடுப்பதும்

இங்கே ஒரு நுட்பமான இடம் வருகிறது. மக்கா வெற்றியின் ஆண்டில் நாயகம் (ஸல்) அவர்கள் மது, செத்த பிராணி, பன்றி, சிலைகள் ஆகியவற்றை விற்பதைத் தடுத்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். செத்ததன் கொழுப்பைக் கப்பலுக்குப் பூசவும் விளக்கெரிக்கவும் பயன்படுத்துகிறார்களே என்று கேட்கப்பட்டபோது, கூடாது, அது ஹராம் என்று பதிலளித்தார்கள். ‘அது’ என்ற சொல் எதைக் குறிக்கிறது? விற்பனையையா, பயன்படுத்துவதையா? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில், அது விற்பனையையே குறிக்கும் என்பதே ஷாபிஈ மத்ஹபின் சரியான கருத்து என்கிறார்கள். மேலும், செத்ததைத் தன் நாய்களுக்குப் போடுவதும், அசுத்தமான உணவைத் தன் கால்நடைகளுக்குக் கொடுப்பதும் ஆகும் என்றும் அங்கேயே எழுதியுள்ளார்கள். இந்த அடிப்படையில், செத்த எலியைப் பாம்புக்குக் கொடுப்பதில் ஷாபிஈகளுக்குத் தடை இல்லை. காசு கொடுத்து வாங்குவதில்தான் தடை நிற்கிறது.

நம் கடற்கரை ஊர்களில் ஷாபிஈகள் பெரும்பான்மை. தென்னந்தோப்புக்கு ஆட்டெருவும் மாட்டெருவும் வாங்கும்போது இதே கேள்வி அங்கே எழுந்திருக்கும். சாணம் நஜீஸ், நஜீஸை விற்பது செல்லாது. அப்படியானால் எருவுக்குக் கொடுக்கும் பணம் என்னவாகும்? பிற்கால ஷாபிஈ நூல்கள் இதற்கு ஒரு வழி காட்டுகின்றன. பொருளை விலைக்கு வாங்குவதாகக் கொள்ளாமல், அதன் மீது அவருக்குள்ள கைப்பாத்தியதையை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாகப் பணம் தருவதாகக் கொள்வது. ‘ரஃப்உல் யத்’ என்று அதைச் சொல்வார்கள். கையை எடுத்துக்கொள்வது என்று பொருள். எருவுக்கு ஆகிய வழி உறைந்த எலிக்கும் ஆகுமா, கடைக்காரருக்கு எதுவும் தெரியாத நிலையில் அதை எப்படி நிறைவேற்றுவது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். உயிருள்ள எலியை வாங்கினால் இச்சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். எலி, பாம்பு போன்றவற்றை விற்பதே செல்லாது என்பதுதான் ‘மின்ஹாஜ்’ கூறும் பொதுச் சட்டம்.

ஹனபி மத்ஹபைப் பின்பற்றுவோருக்கு நிலைமை இன்னும் இறுக்கமானது. செத்ததிலிருந்து எவ்விதத்திலும் பயன்பெறலாகாது, நாய்க்குப் போடுவதும் கூடாது என்று இமாம் ஜஸ்ஸாஸ் (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். பூனையைச் செத்ததனிடம் கொண்டுபோகலாம், செத்ததைப் பூனையிடம் கொண்டுவரலாகாது என்றும் அவர்களுடைய ஃபிக்ஹு நூல்களில் காணலாம். கேட்கச் சிரிப்பு வரலாம். ஆனால் அதில் ஒரு பொருள் இருக்கிறது. பூனை தானாகத் தின்றால் அது பூனையின் செயல். நாம் தூக்கிச் சென்று கொடுத்தால் அது நாம் பெற்ற பயன். கண்ணாடிப் பெட்டியில் அடைபட்ட பாம்பை எங்கே கொண்டுபோவது என்பதுதான் இக்காலத்தின் கேள்வி.

இரு மத்ஹபினருக்கும் சிக்கல் குறைந்த ஒரு வழி உண்டு. பால் பைத்தானுக்குக் காடையும், பெரிய மலைப்பாம்புகளுக்கு முயலும் கொடுப்போர் இருக்கிறார்கள். காடையும் முயலும் நாம் உண்ணத்தக்கவை. முறைப்படி அறுத்தால் சுத்தமான இறைச்சி. விற்பதும் வாங்குவதும் செல்லும். இறகையும் தோலையும் உரிக்காமல் முழுதாகக் கொடுக்க வேண்டும். எலியில் பழகிய பாம்பு உடனே ஏற்குமென்று சொல்ல முடியாது. அதன் வயதுக்கும் உடலுக்கும் இது மட்டும் போதுமா என்பதை ஊர்வன பற்றித் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

சமையலறையில் செத்த எலி

தாய்மார்கள் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான், கவலை நியாயமானதே. உயிருள்ள பாம்பும் எலியும் ஷாபிஈ மத்ஹபில் நஜீஸல்ல. நாயும் பன்றியுமே அவ்வாறு. உலர்ந்த பாம்பைத் தொட்டதால் கையைக் கழுவுவது மார்க்கக் கட்டாயமாகாது. செத்த எலி, எலிப்புழுக்கை, பாம்பின் கழிவு ஆகியவை நஜீஸ். இவற்றைத் தொட்டால் ஒளூ முறிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முறியாது. பட்ட இடத்தைக் கழுவினால் போதும். ஈரமில்லாத கை, ஈரமில்லாத நஜீஸைத் தொட்டால் அதுவும் ஒட்டாது. ஆனால் உருகிய எலி ஈரமாக இருக்கும். அதன் நீர் பட்ட உடையோடு தொழுகைக்கு நிற்கலாகாது.

நெய்யில் எலி விழுந்து செத்ததைப் பற்றிக் கேட்டபோது, எலியையும் அதைச் சூழ்ந்த நெய்யையும் எடுத்தெறிந்துவிட்டு மற்றதை உண்ணும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை மைமூனா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உறைந்த நெய்க்குரிய சட்டம் இது. தண்ணீருக்குச் சட்டம் வேறு. இரண்டு குல்லத்துக்குக் குறைந்த நீரில், அதாவது நம் வீட்டுக் கிண்ணத்திலும் வாளியிலும் உள்ள நீரில், செத்த எலி பட்டால் அந்த நீர் முழுவதும் நஜீஸ். ஆகவே எலியை உருக்கும்போது நீர் அதைத் தொடாதபடி வாய் இறுக மூடும் பையில் இட்டே கிண்ணத்தில் வைக்க வேண்டும். மருத்துவர்கள் சொல்வதும் இதுவே.

அவர்கள் சொல்லும் காரணம் சால்மொனெல்லா என்னும் கிருமி. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வாந்தி இவற்றை உண்டாக்குவது. சிறு குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் உயிராபத்தாகவும் முடியலாம். நோயின் அடையாளம் எதுவுமின்றியே பாம்பின் குடலிலும் எலியின் குடலிலும் அது குடியிருக்கும். உறையவைத்தால் அது சாவதில்லை. இதை அறியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் பலர் நோயுற்றதையடுத்து 2010இல் உறைந்த எலிகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பிரிட்டனில் 2015 முதல் சில ஆண்டுகள் பரவிய நோய்த்தொற்று, பாம்புகளுக்கான உறைந்த எலிகளிலிருந்தே வந்ததென்று கண்டறியப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர், அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில் ஊர்வனவே வேண்டாம் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஒரு சொல். சுண்டெலிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் மூளைக்காய்ச்சல் வைரஸ் ஒன்று உண்டு. வயிற்றிலுள்ள சிசுவை அது கடுமையாகப் பாதிக்கும். 2012இல் அமெரிக்காவில் பாம்புத் தீனிக்காக எலி வளர்த்த நிலையமொன்றின் பணியாளர்களுக்கு அது தொற்றியது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால், உயிருள்ள எலியை வீட்டுக்குள் கொண்டுவருவதோ வளர்ப்பதோ அறவே கூடாது. மகனின் ஆசைக்காக மருமகள் அஞ்சி வாழ வேண்டியதில்லை.

இனி முறையைச் சொல்கிறேன். எலியை வைக்கத் தனியாக ஒரு சிறு ஃபிரீசர் இருப்பதே நல்லது. குர்பானி இறைச்சியும் பாம்பின் எலியும் ஒரே தட்டில் இருப்பதை எந்தத் தாய்தான் ஏற்பார்? தனிப்பெட்டிக்கு வசதி வரும்வரை, இரட்டைப் பையிலிட்டு மூடியுள்ள தகரப் பெட்டியில் அடைத்து, அடியில் உள்ள அறையில் வைத்து, மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். உருக்குவதற்கென ஒரு கிண்ணம், நீண்ட இடுக்கி ஒன்று, கையுறை ஆகியவை தனியே இருக்கட்டும். பாத்திரம் கழுவும் தொட்டியில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். முதலில் குளிர்ந்த இடத்தில் பையோடு வைத்து மெல்ல உருகவிட்டு, பிறகு கை பொறுக்கும் சூட்டிலுள்ள நீரில் பையை அமிழ்த்தினால் உயிருள்ள எலியின் சூடு, அதாவது ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸ் வரும். வயிற்றை அழுத்திப் பாருங்கள். நடுவில் கட்டியாகத் தட்டுப்பட்டால் இன்னும் உருகவில்லை. கொதிநீர் ஊற்றினாலோ மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தாலோ ஒரு பக்கம் வெந்து வயிறு வெடித்துவிடும், அடுப்பும் அசுத்தமாகும். ஒருமுறை உருகியதை மீண்டும் உறையவைக்கக் கூடாது.

பாம்பின் உடம்பு மிகப் பருத்த இடத்தில் எவ்வளவு கனமோ, எலியும் ஏறக்குறைய அவ்வளவு கனம் இருக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். குட்டிப் பாம்புக்கு 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை, வளர்ந்ததற்கு 7 முதல் 14 நாளுக்கு ஒருமுறை போதும். கையால் நீட்டாதீர்கள், கையை இரையென்று எண்ணிக் கடிக்கும். இடுக்கியால் பிடித்து மெல்ல அசைத்துக் காட்டுங்கள். விழுங்கிய பின் இரண்டு நாள் பாம்பைக் கையில் எடுக்கக் கூடாது, எடுத்தால் கக்கிவிடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவி, கிண்ணத்தையும் இடுக்கியையும் சமையலறைக்கு வெளியே கழுவி வையுங்கள்.

தோட்டத்திலோ பரண்மீதோ பிடித்த எலியைக் கொடுத்துக் காசை மிச்சப்படுத்த எண்ண வேண்டாம். அது எலி மருந்து தின்றிருக்கலாம். அந்த நஞ்சு பாம்பையும் கொல்லும். புழுக்களும் உண்ணிகளும் அதனோடு வரும்.

செத்த எலியைத் தொட மறுக்கிறது, எனவே உயிருள்ளதே கொடுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்வோர் உண்டு. பெரும்பாலும் அது பொறுமைக் குறைவு. பால் பைத்தானின் உதட்டோரம் சூட்டை உணரும் சிறு குழிகள் உள்ளன. எலியின் தலை சூடாக இல்லாவிட்டால் அதை இரையென்றே அறியாது. மாலை மங்கியபின், ஒளிந்துகொள்ளும் பெட்டிக்கு முன்னால், சூடான எலியை அசைத்துக் காட்டினால் எடுக்கும். எடுக்காவிட்டால் ஒரு வாரம் விட்டு மறுபடி முயலலாம். நலமாயிருக்கும் பால் பைத்தான், குறிப்பாகக் குளிர் மாதங்களில், மாதக்கணக்கில் தின்னாமல் இருப்பது அதன் இயல்பு. அதை நோன்பு என்று நகைச்சுவையாகச் சொல்லும் பிள்ளைகளைக் கண்டித்துவிட்டு, வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். எடை தொடர்ந்து குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். எல்லா முயற்சியும் தோற்று, உயிருள்ளது தவிர வேறு வழியே இல்லை என்று மருத்துவர் சொன்னால், அது தேவையின் நிலை. அப்போதும் பக்கத்திலேயே இருந்து, சில நிமிடங்களில் பிடிக்காவிட்டால் எலியை வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்கும் அதுவரை தீனியும் தண்ணீரும் உண்டு.

உம்ராவுக்கோ ஊருக்கோ குடும்பத்தோடு புறப்படும்போது என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. வளர்ந்த, நலமான பாம்பு இரண்டு வாரம் இரையின்றித் தாங்கும். ஆனால் குடிநீர் மாற்றவும், பெட்டியின் சூடு குறையாமல் பார்க்கவும் நம்பிக்கையான ஒருவர் அடிக்கடி வந்து போக வேண்டும். அவரிடம் இரையளிக்கும் வேலையை ஒப்படைக்காமல், புறப்படுவதற்கு நான்கைந்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். ஹஜ்ஜுக்காக நாற்பது நாள் செல்பவர், பயணச்சீட்டு வாங்கும்போதே பாம்பு வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் அதை ஒப்படைக்கவும், அதற்காகும் செலவைக் கொடுக்கவும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.